லுசாரி மலைக்கு இரண்டு நாய்களுடன்

கொர்மோன்ஸ்,
ஆகஸ்ட் 4

அன்புள்ள நிவெஸ் அக்காவுக்கு,

உங்கள் அட்டை கிடைத்தது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். பேச்சு எங்கெங்கோ போய்விடக்கூடாது என்பதற்காக, சொல்லவிருப்பதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. உங்கள் இடுப்பு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எனக்கு நிம்மதி.
2. நாய் வளர்க்கத் தகுதியான ஆள் நான் அல்ல.
3. நீங்கள் சொல்லும் நடையை நடப்பதானால், நாய்களை ஒரு கணம்கூடக் கயிற்றிலிருந்து விடமாட்டேன்.
4. பிரினாவும் மோரோவும் ஒரே ஈற்றில் பிறந்தவை. அவற்றைப் பிரிக்கவே கூடாது.
5. என் லீடியாவின் அடக்கத்தன்று நடந்ததைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை.

முதலாவதற்கு விளக்கம் தேவையில்லை. நம் குடும்பத்தில் இடுப்பெலும்பு நம்பத்தகுந்த எலும்பு அல்ல. அம்மாவுக்கும் இப்படித்தான் ஆயிற்று. மாடிப்படியில் கவனமாக இருங்கள்.

இரண்டாவது. செப்டம்பர் கடைசியில் கம்போரோசோ வீட்டைப் பூட்டிவிட்டு ஊதினேயில் மகள் இலேனியாவின் அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறீர்கள், அங்கே இரண்டு நாய்க்கு இடமில்லை, நான் எடுத்துக்கொள்ளாவிட்டால் எல்லைக்கு அந்தப் பக்கம் ராதெச்சேயில் யோஷ்கோவிடம் போகும் என்று எழுதியிருக்கிறீர்கள். யோஷ்கோவின் முற்றத்தை நான் பார்த்திருக்கிறேன். பன்றி வேட்டைக்கு வைத்திருக்கும் நாய்கள் சங்கிலி எட்டும் தூரம்வரை சுற்றிச் சுற்றி, புல்லே இல்லாமல் தேய்த்துவைத்த வட்டங்கள். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்காமலிருப்பது ஒரு தகுதி ஆகாது. கொரீட்சியாவில் ஓய்வுபெறும்வரை லத்தீன் கற்பித்தேன். கடைசி பெஞ்சில் இருந்தவர்கள் ஒருநாளும் என் சொல் கேட்டதில்லை. நாய் எப்படிக் கேட்கும்?

மூன்றாவது. அக்வீலேயாவிலிருந்து லுசாரி மாதா கோயில்வரை போகும் யாத்திரைப் பாதையை, லீடியா போன பிறகு கட்டம் கட்டமாக நடந்துவருகிறேன் என்பது உங்கள் காதுக்கு எப்படியோ வந்திருக்கிறது. கடைசிக் கட்டம் மட்டும் பாக்கி. அது உங்கள் வாசல் வழியாக மலையேறுகிறது. பாக்கியிருக்கக் காரணமும் அதுதான். "அதை என் நாய்களோடு நட. இரண்டோடும் மேலே போய்ச் சேர்ந்தால் இரண்டும் உனக்கு. இல்லாவிட்டால் யோஷ்கோவுக்கு" என்கிறீர்கள். ஆகஸ்டில் அந்த மலை முழுக்கக் கன்று போட்ட மாடுகள். மாட்டின் கண்ணுக்கு நாயும் ஓநாயும் ஒன்றுதான். பயமாக இருக்கிறது.

நான்காவது. இரண்டையும் வளர்க்க என்னால் முடியாது. ஒன்றை மட்டும் எடுத்துப் பிரிப்பது பாவம். ஆகவே தர்க்கப்படி ஒன்றையும் எடுக்க முடியாது. இதில் ஓட்டை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள்.

ஐந்தாவது, மேலே சொன்னபடி.

தம்பி,
எர்மினியோ

பி.கு. எனக்குச் சனிக்கிழமைகள் வசதிப்படும்.

*

கம்போரோசோ,
ஆகஸ்ட் 9

எர்மினியோ,

எழுதப்போவதில்லை என்பதற்கும் ஒரு எண் போட்டு எழுதுகிறவன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான். நீ எழுதாவிட்டால் போ, நான் எழுதுகிறேன்.

உன் பெண்டாட்டி லீடியா தன் தட்டிலிருந்து என் நாய்களுக்கு சலாமி இறைச்சி எடுத்துப் போட்டவள். அவளை வழியனுப்ப அதுகள் வரக்கூடாதா? கோயிலில் ஆர்கன் வாசித்தபோது மோரோ கூடச் சேர்ந்து ஊளையிட்டான். சாமியாரே சிரிப்பை அடக்கிக்கொண்டார். நீ மட்டும் திரும்பி, கையால் "வெளியே" என்று காட்டினாய். நாயைக் காட்டினாயா, என்னைக் காட்டினாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மழையில் பஸ் நிறுத்தத்தில் நின்றோம், நானும் அதுகளும். அப்புறம் இரண்டு வருடம் உன்னிடமிருந்து கிறிஸ்துமஸ் அட்டை வந்தது, கையெழுத்து மட்டும் போட்டு.

அது கிடக்கட்டும். தகுதி என்கிறாய். நாய் உன்னிடம் பட்டம் கேட்காது. நேரத்துக்குச் சோறு, தினமும் நடை, இடி இடித்தால் பக்கத்தில் ஒரு ஆள். இந்த மூன்றும் உன்னால் முடியாதா? முடியாது என்றால் முடியாது என்று சொல், தர்க்கம் என்று சொல்லாதே.

இலேனியா என்ன சொல்கிறாள் தெரியுமா? "அம்மா, ஒண்ணுன்னா எப்படியாவது சமாளிச்சுக்கலாம். ரெண்டுன்னா வீட்டுக்காரர் என்னையும் சேர்த்துத் தெருவுல விட்டுருவார்." ஒன்று என்ற பேச்சே கிடையாது என்று சொல்லிவிட்டேன். உன் ஐந்து கருத்தில் நாலாவது ஒன்றுதான் உருப்படி. பிறந்ததிலிருந்து ஒரே கம்பளியில் முதுகோடு முதுகு ஒட்டித் தூங்குகிறவை. ஒன்றைத் தூக்கினால் மற்றது செத்துவிடும். யோஷ்கோ சங்கிலி போட்டாலும் இரண்டுக்கும் பக்கத்தில் பக்கத்தில் போடுவான்.

எனக்கு மட்டும் அந்த முற்றம் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறாயா?

மாதக் கடைசிச் சனிக்கிழமை வா. ஃபோன் பண்ணாதே. ஃபோனில் நீ மூச்சு விடுவது மட்டும்தான் கேட்கும்.

நிவெஸ்

*

கொர்மோன்ஸ்,
ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நாயைத்தான் காட்டினேன். அப்படித்தான் நினைக்கிறேன். அன்று என் கை என்ன செய்தது என்பதற்கு என்னால் உறுதியான சாட்சி சொல்ல முடியவில்லை.

வருகிறேன். ஆனால் சில ஏற்பாடுகள். விரல் மூட்டுகள் காலையில் மடங்குவதில்லை. மோரோ ஒரு இழுப்பு இழுத்தால் கயிறு கையில் நிற்காது. ஆகவே இரண்டு கயிற்றின் கைப்பிடி வளையங்களையும் என் இடுப்பு பெல்ட்டிலேயே கோத்துக்கொள்ளப்போகிறேன். வலப்பக்கம் மோரோ, இடப்பக்கம் பிரினா. இப்படிச் செய்தால் நானே நினைத்தாலும் விட முடியாது. வீட்டில் இரண்டு நாற்காலிகளைக் கட்டி, கூடத்திலிருந்து சமையலறைவரை நடந்து பார்த்தேன். ஒரு நாற்காலி கதவு நிலையில் மாட்டிக்கொண்டது. மற்றபடி திருப்தி.

மாடுகள் தெரிந்தால் வேலியோரமாகச் சுற்றிப்போவேன், பேசமாட்டேன், கண்ணைப் பார்க்கமாட்டேன். நாய்களுக்கு நடையின்போது என்ன கொடுக்கலாம்? லீடியா கொடுத்த அந்த சலாமி எந்தக் கடையில் வாங்கியது என்று நினைவிருக்கிறதா? எனக்கு இல்லை.

எர்மினியோ

*

கம்போரோசோ,
ஆகஸ்ட் 20

எர்மினியோ,

நாற்காலி மாட்டைப் பார்த்து ஓடாதுடா, மடையா. பெல்ட் வேண்டாம். கையில் பிடி. சொன்னால் கேட்கப்போவதில்லை, தெரியும்.

சலாமி எதுவானாலும் இரண்டும் தின்னும். வாய்க்கூடு இரண்டையும் பையில் வைத்துவிடுகிறேன். ரோப் காரிலும் பஸ்ஸிலும் கேட்பார்கள். பிரினா பள்ளத்தைப் பார்த்தால் நின்றுவிடுவாள். திட்டாதே, அவள் யோசிக்கிறாள். உன்னைப்போல.

ஊன்றுகோலோடு வாசல்வரை வர முடியாது. கயிறுகளை ஜன்னலில் தருகிறேன்.

நிவெஸ்

*

லுசாரி மலை, விடுதி,
ஆகஸ்ட் 30, சனி மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மேலே வந்துவிட்டேன். பிரினா என் காலடியில் படுத்திருக்கிறாள். மோரோ இல்லை. அவன் உங்கள் வீட்டுக்குப் பத்திரமாக வந்துவிட்டதை ஃபுல்வியா ஃபோனில் கேட்டுச் சொன்னாள். ஆகவே நிபந்தனைப்படி நான் தோற்றுவிட்டேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பேச்சில் சொல்ல வராது.

காலையில் ஜன்னல் வழியாகக் கயிறுகளை நீட்டினீர்கள்.

"இளைச்சுட்டேடா."

"நீங்களும்தான் அக்கா."

"நான் ஆபரேஷன்ல இளைச்சேன். நீ எதுல?"

பதில் வருவதற்குள் ஜன்னலைச் சாத்திவிட்டீர்கள். அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டே காடுவரை போனேன்.

காட்டுக்குள் பாதை செங்குத்து. ஓடை பக்கத்திலேயே சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. மோரோ வலப்பக்கம் முன்னால் இழுத்தான். பேண்ட் அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டே போயிற்று. பிரினா என் வேகத்துக்கு வந்தாள். நான் மூச்சு வாங்க நின்றால் அவளும் நின்று, பள்ளத்தை எட்டிப்பார்த்துவிட்டு, என்னைப் பார்ப்பாள். பாதையோரச் சிலுவை ஒன்றினருகே உட்கார்ந்து சலாமி வெட்டினேன். மோரோ தன் பங்கை விழுங்கிவிட்டு அவள் பங்கையும் விழுங்கினான். அவள் விட்டுக்கொடுத்தாள். பாசம் என்று அப்போது நினைத்தேன்.

மரங்கள் முடிந்ததும் மேய்ச்சல் பண்ணை. பாதை புல்வெளியின் நடுவே போகிறது. வேலியோரமாகப் போனேன், திட்டப்படி. மாடுகள் தூரத்தில்தான் இருந்தன. ஆனால் வேலிக்கடியில் ஒரு கன்று படுத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அது எழுந்து, மோரோவை முகர வந்தது. மோரோ குரைத்தான். அவ்வளவுதான். ஒரு தாய்ப்பசு தலையைத் தாழ்த்திக்கொண்டு வர ஆரம்பித்தது. அதன் பின்னால் மற்றவை. மாடு இவ்வளவு வேகமாக ஓடும் என்று நான் எங்கும் படித்ததில்லை.

பண்ணை வாசலில் பால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்தான் ஃபுல்வியா. உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கிருந்தே கத்தினாள்.

"விடுங்க! நாயை விடுங்க பெரியவரே!"

"விட முடியாதும்மா! கட்டியிருக்கு!"

"எதுல?"

"பெல்ட்டுல!"

"அட கடவுளே! அப்ப பெல்ட்டை விடுங்க!"

பெல்ட்டை விட்டேன். என் விரல்கள் அவ்வளவு வேகமாக எதையும் அவிழ்த்ததில்லை. வலப்பக்க வளையம் நழுவியதும் மோரோ காட்டைப் பார்த்துப் பறந்தான். பசு என்னைத் தாண்டி அவன் பின்னால் போயிற்று. அதன் மூச்சு என் கைமேல் பட்டது. இடப்பக்க வளையம் பேண்டின் கொக்கியில் சிக்கியிருந்தது. அதையும் பிடுங்கிவிட்டு, "ஓடு, பிரினா, ஓடு" என்றேன். அவள் ஓடினாள், கொஞ்ச தூரம். நின்றாள். மோரோ போன திசையைப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து என் செருப்பின்மேல், சரியாகச் சொன்னால் செருப்பின்மேல் விழுந்துகிடந்த என் பேண்டின்மேல், படுத்துக்கொண்டாள்.

ஃபுல்வியா கம்போடு ஓடிவந்து மீதி மாடுகளை விரட்டினாள்.

"உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன்னு நினைக்கிறேன்."

"நினைக்காதீங்க, பேண்டைத் தூக்குங்க. வெளிநாட்டு டூரிஸ்ட்டுங்கதான் இப்படி நாயை உடம்போட கட்டிக்கிட்டு வருவாங்கன்னு நினைச்சேன். நீங்க நம்ம ஊர்ப் பேச்சு பேசுறீங்களே!"

பெல்ட் மாட்டுக் காலடியில் போய்விட்டது. வைக்கோல் கட்டும் கயிறு ஒன்று தந்தாள். மோர் தந்தாள். நாயைக் கயிற்றில் பிடிக்கவும் என்று பண்ணை வேலியில் ஒரு பலகை இருக்கிறது. மாடு பாய்ந்தால் உடனே விட்டுவிடவும் என்று அதன் கீழேயே எழுதியிருக்கிறது. முதல் வரியை மட்டும் நான் மனப்பாடம் செய்திருக்கிறேன்.

மோரோ கிடைத்தான் என்று தெரியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு வைக்கோல் கயிறு கட்டிய பேண்டோடு கோயிலுக்குள் போனேன். யாத்திரை அட்டையில் கடைசி முத்திரை விழுந்தது. மாதாவின் முன் என்ன கேட்பது என்று தெரியவில்லை. வெளியே பிரினாவைக் கட்டிய முடிச்சு சரியாக இருக்கிறதா என்ற நினைப்பாகவே இருந்தது. வெளியே வந்து பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

நாளை காலை ரோப் காரில் இறங்கி, பிரினாவை ஒப்படைத்துவிட்டு, பஸ் பிடிக்கிறேன்.

எர்மினியோ

*

கம்போரோசோ,
செப்டம்பர் 3

திருட்டுப் பயலே,

ஞாயிற்றுக்கிழமை காலை காபி போட்டுவைத்துவிட்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். உனக்கும் சேர்த்துத்தான் போட்டேன். பஸ் வந்தது. நிற்கவில்லை. கண்ணாடியோரம் ஒரு கிழவனும் ஒரு நாயும் போனார்கள். கிழவன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். நாய் என்னைப் பார்த்தது. வாய்க்கூடுகூடப் போட்டிருந்தாள். திருடும்போதும் ஒழுங்காகத் திருடுகிறாய்.

உன் கடிதம் மறுநாள் தபாலில் வந்தது. ரோப் கார் அடிவாரத்துப் பெட்டியில் போட்டிருக்கிறாய், என் வீட்டுக்கு நடந்து வருகிற தூரத்தில். உன் பெல்ட் கதையை இலேனியாவுக்கு ஃபோனில் வாசித்தேன். தையல் பிரிந்துவிடும்போலச் சிரித்தேன். அது வேறு, இது வேறு.

இங்கே ஒரு வெட்கங்கெட்டவன் இருக்கிறான். சனிக்கிழமை வந்ததும் வராததுமாகத் தன் தட்டையும் காலி செய்து, அவள் தட்டையும் காலி செய்தான். கம்பளி முழுக்கத் தனக்கே என்று காலை நீட்டிப் படுத்தான். இப்போது என் கட்டில் வேண்டுமாம். ஆனால் அதை வைத்து ஒன்றும் நினைக்காதே. உள்ளுக்குள் ஏங்குவான்.

வருகிற ஞாயிறு யோஷ்கோ வண்டியோடு வருகிறான். சனிக்கிழமைக்குள் அவளைக் கொண்டுவா. இரண்டோடும் போய்ச் சேர்ந்தால் என்று சொன்னேன். நீ சரி என்றாய். பேச்சு பேச்சுதான்.

நிவெஸ்

*

கொர்மோன்ஸ்,
செப்டம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டமிட்டுச் செய்ததல்ல. கால் வலித்ததால் உங்கள் நிறுத்தம்வரை பஸ்ஸில் வரலாம் என்றுதான் ஏறினேன். மணியடிக்கக் கையைத் தூக்கினேன். பிரினா என் மடியில் தாடையை வைத்திருந்தாள். கையை இறக்கிவிட்டேன். பிறகு உங்கள் ஜன்னல் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. காபி போட்டிருப்பீர்கள் என்று தெரியாது. அது தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை.

பிரினா முதல் நாள் ஒன்றும் தின்னவில்லை. எல்லா அறைகளையும் முகர்ந்து பார்த்தாள். மறுநாள் கஞ்சிபோலக் குழைந்துபோன என் போலெந்தாவை, அந்த மக்காச்சோளக் களியை, தின்றாள். அதை இதுவரை வேறு யாரும் முழுதாகத் தின்றதில்லை. வாசலில் போய்க் காத்திருக்கிறாளா என்று கவனித்துக்கொண்டே இருந்தேன். காத்திருந்தால் கொண்டுவந்து விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். காத்திருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை இடி இடித்தது. பக்கத்தில் ஒரு ஆள் இருந்தார்.

நேற்று யோஷ்கோவுக்கு ஃபோன் செய்தேன். மூச்சு விட்டதோடு பேசவும் செய்தேன்.

"யாரு?"

"நிவெஸோட தம்பி."

"ஓ, நாயைத் தூக்கிட்டுப் போனவரா?"

"ஆமாங்க. ஞாயித்துக்கிழமை நீங்க வர வேண்டாம். நாய் கிடையாது."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

"உங்க அக்காவுக்குத் தெரியுமா இது?"

"இனிமேதான் எழுதணும்."

"எழுதுங்க, எழுதுங்க. நான் சொல்லமாட்டேன்பா, எனக்கு அவங்களைக் கண்டா பயம்."

நல்ல மனிதராகத் தெரிகிறார். முற்றத்தைப் பற்றிய என் அபிப்பிராயம் மாறவில்லை.

இலேனியாவிடமும் பேசிவிட்டேன். மோரோவை நீங்கள் ஊதினேக்குக் கூட்டிப்போகலாம். ஒன்று என்றால் சமாளிக்கலாம் என்று அவள் சொன்னது இன்னும் செல்லுமாம். கட்டில்மேல் ஏற்றுவதா இல்லையா என்பது உங்களுக்கும் அவனுக்கும் உள்ள விஷயம். ஊதினேயிலிருந்து இங்கே ரயிலில் ஒன்றும் தூரமில்லை. நீங்கள் அவனோடு வரலாம். நாங்களும் வரலாம். வாசலைத் திறக்கிறேன், ஜன்னல் வேண்டாம்.

பேச்சு பேச்சுதான் என்கிறீர்கள். நான் வாக்குத் தவறுவது உண்மை. ஆனால் பிரினாவைத் தரமாட்டேன். இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு, இது என் கையெழுத்துதானா என்று திரும்பப் பார்த்தேன்.

மோரோ இரண்டு தட்டையும் காலி செய்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். புல்வெளியில் அவள் அவன் போன திசையை ஒருமுறை பார்த்ததை நானே கண்டேன். உள்ளுக்குள் ஏங்குவான் என்கிறீர்கள். இருக்கலாம். நாமும் இரண்டு வருடம் சாப்பிட்டோம், தூங்கினோம். ஆகவே உள்ளே இருப்பதைப் பற்றி நான் எதுவும் உறுதியாகச் சொல்லமாட்டேன். வெளியே பார்த்ததைக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொல்ல முடிகிறது. ஆகஸ்ட் நாலாம் தேதிக் கடிதத்தில் நான் எழுதி, நீங்களும் உருப்படி என்று ஒப்புக்கொண்ட நான்காவது கருத்து, அவற்றைப் பிரிக்கவே கூடாது என்பது, தவறு.

தம்பி,
எர்மினியோ